மோர்பின் கொடுத்தால் அம்மா அடிமையாகிவிடுவாரா?

உங்கள் அம்மாவின் புற்றுநோய் வலிக்கு மோர்பின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றும், கொடுத்தால் தூள் (ஹெரோயின்) பாவிப்பவர்களைப் போல அவரும் அடிமையாகிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறதென்றும் கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. இதே பயத்தினால் ஹட்டனுக்கு அருகிலுள்ள எங்கள் லயத்தில் என் அம்மாவின் மாத்திரைகளை நான் இரண்டு நாள் ஒளித்து வைத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் அவர் கம்பளி நுனியைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்ததைக் கண்ட பிறகுதான், இந்த மருந்தைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அம்மா கொழுந்தெடுத்த காலத்தில் ஒருநாள், கவ்வாத்து வெட்டிய மலைவழியே கூடையோடு இறங்கியபோது, வெட்டுண்ட கிளையொன்று அவருடைய கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. மடுவத்தில் கொழுந்தை நிறுத்து முடித்த பிறகே இரத்தத்தைக் கவனித்திருக்கிறார். "லொறி போறதுக்குள்ள நிறுக்கணும்னு ஓடி வந்தேன் தம்பி, வலியே தெரியல" என்றார். அவசரத்திலும் பதற்றத்திலும் வலியை இப்படித் தள்ளிவைப்பதில் உடம்பே சுரக்கும் அபின் போன்ற பொருட்களுக்கும் பங்குண்டு. அபின் என்பது கசகசாச் செடியின் பால்; மோர்பின் அதிலிருந்துதான் கிடைக்கிறது. அபினிலுள்ள மோர்பின் போன்ற பொருட்கள் ஒட்டிக்கொள்ளும் வாங்கிகள் (receptors) நரம்புக்கலங்களில் இருப்பதை 1973இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு செடியின் பாலுக்காக அந்த வாங்கிகள் உண்டாகியிருக்க முடியாது அல்லவா? 1975இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் ஜோன் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து, உடம்பே சுரக்கும் அத்தகைய பொருட்களான என்கெஃபலின்களைப் பிரித்தெடுத்தபோது, அந்த வாங்கிகள் எதற்காக இருக்கின்றன என்பது தெளிவானது.

மோர்பினும் அதே வாங்கிகளில்தான், குறிப்பாக மியூ எனப்படும் வகையில், போய் அமர்கிறது. அப்போது முண்ணாணில் வலிச்செய்தியைக் கொண்டுவரும் நரம்பு தன் இரசாயனத் தூதுகளைக் குறைவாகவே வெளிவிடுகிறது. அதைப் பெறும் கலமும் அடங்கிப்போகிறது. வேறுபாடு இடத்திலும் நேரத்திலும் இருக்கிறது. என்கெஃபலின் தேவையான இடத்தில் சுரந்து, நொதியங்களால் சீக்கிரமே சிதைக்கப்பட்டுவிடுகிறது. விழுங்கிய சாதாரண மோர்பின் மாத்திரையோ இரத்தத்தோடு உடம்பெங்கும் போய், ஏறத்தாழ 4 மணி நேரம் வேலை செய்கிறது. ஆகவேதான் வலி குறையும்போதே குடல் மந்தமாகிறது, தூக்கம் வருகிறது, அளவு மிஞ்சினால் மூளைத்தண்டிலுள்ள சுவாசக் கட்டுப்பாடும் தளர்கிறது. எழுப்பியும் எழாமல், மூச்சு மிக மெதுவாகி, கண்மணி ஊசிமுனையளவு சுருங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதே வாங்கிகளிலிருந்து மோர்பினைத் தள்ளிவிடும் நலொக்சோன் என்ற மருந்து அங்கே கொடுக்கப்படும்.

தூள் எனப்படும் ஹெரோயினும் மூளைக்குள் மோர்பினாகவே மாறுகிறது என்பது உண்மை. ஆனால் அது கொழுப்பில் எளிதில் கரைவதால் மிக வேகமாக மூளைக்குள் புகுந்து, இன்ப உணர்வோடும் தேடலோடும் தொடர்புள்ள டொபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்களின் மீதுள்ள கடிவாளத்தைத் திடீரென அவிழ்த்துவிடுகிறது. அந்த வேகந்தான் மனிதரை மீண்டும் மீண்டும் அதைத் தேட வைக்கிறது. நேரத்துக்கு நேரம் அளவோடு கொடுக்கும் மாத்திரை மெதுவாகவே ஏறுகிறது. புற்றுநோய் வலிக்காக மருத்துவர் சொன்னபடி எடுப்பவர்களிடம் அத்தகைய தேடல் அரிது. நாட்பட்ட பாவனைக்கு நரம்புக்கலங்கள் பழகிக்கொள்வது வேறு விடயம். பழகிய உடம்பிலிருந்து மருந்தைத் திடீரென நிறுத்தினால் வியர்வை, மூக்கொழுகல், வயிற்றோட்டம், உடம்பு வலி எல்லாம் வரும். அதை அடிமைத்தனம் என்று எண்ணி நான் செய்ததைப் போல ஒளித்து வைத்துவிடாதீர்கள். குறைக்க வேண்டுமானால் மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார்.

தூக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். குடல் மட்டும் இந்த மருந்துக்குப் பழகுவதே இல்லை என்று சொல்லலாம். என் அம்மா வலியைவிட மலச்சிக்கலால்தான் பிறகு அதிகம் அவதிப்பட்டார். எனவே, முதல் மாத்திரை கொடுக்கும் நாளிலேயே அதற்கான மருந்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.