வெளிநாட்டுப் பழைய சாமான் சந்தையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததில் உங்களுக்கு மிகவும் பெறுமதியானது எது? அங்கே போகிறவர்கள் என்ன வாங்கலாம்?

என் பதில் ஒரு தபால் அட்டை. லண்டனில் போர்ட்டபெல்லோ வீதியில் ஐந்து பவுணுக்கு வாங்கியது. அதோடு ஒரு பழைய லிப்டன் தேயிலை டின்னும் பூட்டு வைத்த ஒரு சின்ன மரப்பெட்டியும் வாங்கினேன். எல்லாம் இப்போது இலங்கை மலையகத்தில், தலவாக்கலையில் எங்கள் வீட்டில் இருக்கின்றன. இருப்பதிலேயே மலிவானது அட்டைதான். ஆனால் வீட்டுக்கு வருகிற ஆட்கள் கேட்டு வாங்கிப் பார்ப்பது அதைத்தான்.

அக்கா அங்கே தாதியாக வேலை செய்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது அத்தான்தான் சந்தைகளுக்குக் கூட்டிப் போனார். போர்ட்டபெல்லோவில் பழம்பொருட்களுக்குச் சனிக்கிழமைதான் பெரிய நாள். பேர்மொன்ட்சியில் வெள்ளிக்கிழமை, விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். பழைய தபால் அட்டைகளை நீளப் பெட்டிகளில் நாடு வாரியாக அடுக்கி வைத்திருப்பார்கள். நம் நாட்டைத் தேடுகிறவர்கள் ‘சிலோன்’ என்ற பிரிவோடு நிறுத்திவிடக் கூடாது. இந்தியப் பெட்டியிலும் பாருங்கள், தேயிலை, ரயில் என்று தலைப்பு வாரியாகப் பிரித்திருந்தால் அங்கேயும் பாருங்கள். என் அட்டை இந்தியப் பெட்டிக்குள்தான் கிடந்தது.

மரப்பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தேயிலை அவ்வளவு விலை. அதனால் வீட்டு அம்மா அதைப் பெட்டியில் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வாளாம். 1784இல் தேயிலை வரியை நூற்றுக்கு 119இலிருந்து 12½ ஆகக் குறைத்த பிறகுதான் விலை இறங்கியது. அந்தத் தேயிலையெல்லாம் சீனாவிலிருந்து போனது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்டதே 1867இல்தான். பூட்டி வைத்த அந்தத் தேயிலைக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும், அந்தச் சாவித் துவாரத்தைப் பார்த்தவுடன் விட்டுவர மனமில்லை. பழைய மரச் சாமான் வாங்கினால் சின்னத் துளைகள் இருக்கின்றனவா என்று திருப்பிப் பாருங்கள். துளையிலிருந்து மாவு போலத் தூள் கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது, வேண்டாம். யானைத் தந்தத்தில் செய்த எதையும் தொடவே தொடாதீர்கள். பழையதாக இருந்தாலும் சட்டச் சிக்கல் வரும்.

கட்டுநாயக்கவில் இறங்கி அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக வேன் வண்டியில் வீடு வந்தோம். அட்டையை இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கைப்பையிலேயே கொண்டுவந்தேன்.

அன்று மாலை அம்மாயியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், அதைக் கொடுத்தேன். அம்மாயி இருபது வயதாகும் முன்பே தோட்டத்தில் பேர் பதிந்து, ஓய்வு எடுக்கும் வரை கொழுந்து எடுத்தவர். அட்டையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பெண்கள் கூடையோடு நிற்கிறார்கள், ஓரத்தில் கோட்டும் குடையுமாக, வேலையை மேற்பார்க்கிற ஒரு கங்காணி. கீழே ‘கொழுந்து பறிப்போர், சிலோன்’ என்று மட்டும் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. தோட்டத்தின் பெயர்கூட இல்லை. அம்மாயி ஜன்னல் பக்கம் போய், கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, வெகுநேரம் பார்த்தார்.

“இதுங்க வேல நேரத்துல நிக்கலடி. படம் புடிக்க நிக்க வெச்சிருக்காங்க.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“இடுப்புல படங்கு இருக்கா பாரு. தலையில கம்பளியாச்சும் இருக்கா? ஈரச் செடிக்குள்ள இந்தச் சேலையோட எறங்குனா பத்து நிமிசத்துல கிழிஞ்சுரும். கூடக் கயிறு தலையிலயே இல்ல. கூட நெறையக் கொழுந்து இருக்கு, கீழ செடியில ஒரு கொழுந்தும் ஒடிக்கல.”

படங்கு என்றால் கொழுந்து எடுக்கும்போது சேலைக்கு மேல் இடுப்பில் கட்டுகிற தடித்த விரிப்பு. அப்புறம் ஓரத்தில் சட்டையில்லாமல் நிற்கிற ஒரு பையனைக் காட்டினார். “இவனுக்கு அரப் பேருதான் போட்டிருப்பாங்க.” அரைநாள் கூலிதான் என்று அர்த்தம். ஒரு பெண்ணின் காதைத் தொட்டு, “தண்டட்டி. எங்க அப்பாயி இப்பிடித்தான் காது வளத்திருந்தாங்க” என்றார். அந்த அப்பாயி ராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவர் என்பதை நான் அன்றுதான் முதன்முதலில் கேள்விப்பட்டேன். பக்கத்து லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, ரெண்டு பாட்டிமார் வந்து சேர்ந்துகொண்டார்கள். எந்த மலை என்று ஒரே வாக்குவாதம். தேத்தண்ணி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

விற்றவருக்குத் தபால் அட்டைகளைப் பற்றி நிறையத் தெரியும். அதை அச்சடித்த பிளேட் நிறுவனம் 1890இல் கொழும்பில் தொடங்கியது என்று சொன்னதே அவர்தான். முத்திரையில் இருப்பது ஏழாம் எட்வர்ட் அரசர் தலை, ஆகவே 1901க்கும் 1910க்கும் இடைப்பட்டது என்றும் காட்டினார். ஆனால் அம்மாயி பார்த்ததை அவரால் பார்த்திருக்க முடியாது. பின்பக்கம் எழுதி அனுப்பிய வெள்ளைக்காரரும் மழையைப் பற்றியும் தன் உடம்பைப் பற்றியும் எழுதியிருக்கிறாரே தவிர, முன்பக்கத்தில் நிற்கிறவர்களைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: அழகானது, அரிதானது என்று தேடுவதை விட, உங்கள் வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கு எதைப் பற்றிப் பேசத் தெரியுமோ அதை வாங்குங்கள். அவர்கள் இருக்கும்போதே வாங்கிக் கொடுங்கள்.

வைத்திருப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் பக்கத்து ஈரத்துக்குக் கடதாசி சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். லெமினேட் செய்து தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் சம்மதிக்காதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. தெளிவான பொலியெஸ்டர் உறையில் போட்டு, மூடி இறுகும் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அடுப்படிச் சுவரில் மாட்ட வேண்டாம். முதலில் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். அம்மாயி பேசியதைப் போனில் பதிவு செய்து அந்த ஸ்கேனோடு சேர்த்து வைத்திருக்கிறேன். கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன். ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களை நன்றாகப் பார்க்கலாம், ஆட்களைப் பற்றி அறிய இந்த லயத்துக்குத்தான் போக வேண்டும்.

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாணயம் விற்கும் மேசைகளில் தகர வில்லைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1900களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கூட்டி வரும்போது, தோட்டத்தின் அடையாளமும் ஆளின் எண்ணும் குத்திக் கொடுத்த வில்லைகள் அவை. விலை கட்டாவிட்டாலும் விற்பவரிடம் கேட்டு இரண்டு பக்கமும் படம் எடுத்து இங்கே பின்னூட்டத்தில் போடுங்கள். எந்தத் தோட்டம் என்று கண்டுபிடிக்க எங்களால் முடிந்ததைச் செய்கிறோம்.