விங்கருக்கு எத்தனை பருவம் பொறுக்கலாம்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஆதரிக்கும் கால்பந்து அணியில் 19 வயது விங்கர் (ஆடுகளத்தின் ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரர்) ஒருவர் இருக்கிறார். ஒவ்வோர் ஆட்டத்திலும் எதிரணியின் ஓரத் தடுப்பாட்டக்காரரான ஃபுல்பேக்கைப் பலமுறை ஏமாற்றிக் கடந்துவிடுகிறார். ஆனால் பருவம் முழுக்க ஆடியும் அவருடைய கோல் கணக்கு விரல்விட்டு எண்ணக்கூடியதாகவே இருக்கிறது. இவரை நம்பலாமா, அல்லது நல்ல விலை கிடைக்கும்போதே விற்றுவிடலாமா?

பதில்: நம்பலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த நம்பிக்கைக்கு அவர் போட்ட கோல்களும் அடிப்படை அல்ல, அவர் ஏமாற்றிய ஃபுல்பேக்குகளும் அடிப்படை அல்ல. முதல் ஆளைத் தாண்டிய மறுகணம் அவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். தலையை நிமிர்த்தி, பெனால்ட்டி பகுதிக்குள் யார் எங்கே ஓடுகிறார் என்று பார்த்து, பந்தைத் தரையோடு பின்னோக்கி இழுத்துக் கொடுக்கிறாரா, அல்லது குனிந்த தலையோடு இரண்டாவது ஆளிடமும் மோதிப் பந்தைப் பறிகொடுக்கிறாரா? வேகமும் கால்நுணுக்கமும் 18 வயதிலேயே ஒருவரிடம் முழுமையாக இருக்கலாம். எப்போது கொடுப்பது, எப்போது அடிப்பது என்ற தீர்மானமோ பெரிய ஆட்டங்களில் அடிபட்ட பிறகுதான் கைவரும்.

வினிசியுஸ் ஜூனியரை நினைத்துப் பாருங்கள். 2018இல் 18 வயது நிறைந்ததும் பிரேசிலின் ஃபிளமெங்கோ அணியிலிருந்து ரியல் மாட்ரிட்டுக்கு வந்த அவர், முதல் மூன்று பருவங்களில் ஸ்பெயினின் லா லீகா லீகில் போட்ட கோல்கள் மொத்தமே 8. கோல்காவலரை மட்டும் எதிர்கொள்ளும் இடத்துக்கு வந்தும் பந்தை வெளியே அடிக்கிறார் என்று அப்போது அவரைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. நான்காவது பருவமான 2021–22இல் லீகில் மட்டும் 17 கோல்கள் வந்தன. 2022 மே 28 அன்று பாரிஸில் நடந்த, ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் லிவர்பூலை வீழ்த்திய ஒரே கோலும் அவருடையதே. அந்தக் கோலில் அவருடைய புகழ்பெற்ற ஏமாற்றுவேலை எதுவுமே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். வலப்புறமிருந்து சக வீரர் வால்வெர்டே பலமாக அடித்த பந்து கோல்முகத்தைக் குறுக்கே கடந்து வந்தபோது, லிவர்பூல் தடுப்பாட்டக்காரர் அலெக்சாண்டர்-ஆர்னால்டின் முதுகுக்குப் பின்னால் நழுவிச் சென்று தூரக் கம்பத்தருகே காத்திருந்த வினிசியுஸ், வந்த பந்தை வலைக்குள் திருப்பிவிட்டார், அவ்வளவுதான். பந்து காலில் இல்லாத நேரத்தில் எங்கே நிற்பது என்பதைக் கற்றுக்கொண்ட பிறகே ஒரு விங்கரின் கோல் கணக்கு உயரும். உங்கள் 19 வயதுக்காரருக்கு இன்னும் இரண்டு பருவங்களாவது கொடுங்கள்.

கேள்வி: ஆர்சனல் அணியின் புகாயோ சாகாவைத் தொடக்கத்தில் இடப்புறத் தடுப்பாட்டக்காரராக ஆடவைத்தார்களே, அது அவருடைய வளர்ச்சியைத் தாமதப்படுத்தவில்லையா?

பதில்: இல்லை; உதவியது என்றுதான் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில், 17 வயதில் முதன்முதலாக ஆர்சனலின் மூத்தோர் அணிக்கு ஆடிய சாகா, 2019–20 பருவத்தில் இடப்புற ஃபுல்பேக்குகள் காயத்தால் விலகியிருந்ததால் அந்த இடத்தில் நிறுத்தப்பட்டார். விங்கராக மட்டும் காத்திருந்தால், மூத்த வீரர்கள் வரிசையாக நின்ற அந்த அணியில் அவர் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பார். ஃபுல்பேக்காக ஆடியதால் ஆடுகளத்தில் நேரம் கிடைத்தது. தன்னை நோக்கி ஓடிவரும் விங்கரின் எந்த அசைவு தடுப்பவரை அதிகம் குழப்புகிறது என்பதையும் மறுபக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது.

பின்னர் பயிற்சியாளர் மிக்கேல் ஆர்டெட்டா அவரை வலப்புறத்துக்கு மாற்றினார். இடக்கால் ஆட்டக்காரர் வலப்புறம் ஆடினால், கோட்டோரமாக ஓடி கோல்முகத்துக்குப் பந்தை அனுப்பும் கிராஸ் போடுவதைவிட உள்ளே திரும்பி இடக்காலால் கோலை நோக்கி அடிப்பது இயல்பாக அமையும். ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையின் 2024 காலிறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக 80ஆவது நிமிடத்தில் அவர் போட்ட கோல் இந்த வகைதான்: வலப்புறமிருந்து உள்ளே வந்து, பெனால்ட்டி பகுதிக்கு வெளியிலிருந்து தாழ்வாக அடித்த பந்து தூரக் கம்பத்தில் பட்டு உள்ளே சென்றது. ஆனால் உள்ளே மட்டுமே திரும்புகிறவரைத் தடுக்க எதிரணிகள் விரைவில் இரண்டாவது ஆளை நிறுத்திவிடும். சாகாவைத் தடுப்பது கடினமாக இருப்பதற்குக் காரணம், அவர் கோட்டோரமாக வெளியே ஓடி வலக்காலாலும் பந்தைக் கொடுக்கக்கூடியவர் என்பதே.

கேள்வி: 2020 யூரோ இறுதியில் பெனால்ட்டி தவறவிட்ட பிறகும் சாகா எப்படி மீண்டார்?

பதில்: ஓராண்டு தள்ளிப்போன அந்த இறுதியாட்டம் 2021 ஜூலை 11 அன்று வெம்ப்ளியில் நடந்தது. இத்தாலிக்கு எதிராக இங்கிலாந்துக்காகத் தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவருமே ஓரங்களில் ஆடும் இளைஞர்கள். மூவருமே இனவெறி வசவுகளுக்கு ஆளானார்கள். ஐந்தாவது பெனால்ட்டியை 19 வயதுக்காரரிடம் ஒப்படைத்த பயிற்சியாளரின் முடிவு தவறு என்பது என் கருத்து. ஆனால் சாகா அதன் பிறகு பெனால்ட்டிகளிலிருந்து ஒதுங்கவில்லை. 2022 ஏப்ரலில் செல்சீக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் எதிராக அடுத்தடுத்த ஆட்டங்களில் பெனால்ட்டி கோல் போட்டார். 2024இல் மேலே சொன்ன அதே சுவிட்சர்லாந்து ஆட்டம் பெனால்ட்டிகளுக்குச் சென்றபோது அங்கும் தவறவில்லை.

கேள்வி: லமீன் யமால் 15 வயதில் பார்சிலோனாவுக்கு ஆடத் தொடங்கிவிட்டார். இவ்வளவு இளம் வயதில் இறக்கிவிடுவது ஆபத்தில்லையா?

பதில்: ஆபத்துதான், ஆனால் அது வயதைவிட ஆட்டச் சுமையைப் பொறுத்தது. முழுவேகத்தில் ஓடுவது, சட்டென நிற்பது, திசை மாறுவது, மறுபடி ஓடுவது என்பதே விங்கரின் வேலை. அதன் சுமை முழுவதும் தொடைப் பின்தசையிலும் முழங்காலிலும் இடுப்புக்கவட்டிலும்தான் இறங்குகிறது. யமாலுக்கு முன்பு பார்சிலோனா கொண்டாடிய அன்சு ஃபாத்தி, 2019 ஆகஸ்டில் 16 வயதில் முதல் ஆட்டம் ஆடினார். 2020 நவம்பரில் இடது முழங்காலின் குருத்தெலும்பு கிழிந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு, ஏறத்தாழ பத்து மாதங்கள் கழித்துத் திரும்பியபோது மெஸ்ஸியின் 10ஆம் எண் சட்டையும் அவர் தோளில் ஏற்றப்பட்டிருந்தது. பழைய ஃபாத்தி அங்கே மீண்டும் வரவேயில்லை. இன்று அந்த 10ஆம் எண் யமாலிடம் இருக்கிறது.

யமாலின் திறமையில் ஐயமில்லை. 2024 யூரோ அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக அவர் வளைத்து அடித்த கோல், 17 வயது நிறைய நான்கு நாட்கள் இருந்தபோது வந்தது. கவலை வேறு. கிளப்பும் நாடும் ஒரே உடலைப் பங்கு போடுகின்றன. 2025 செப்டம்பரில், வலியோடிருந்த யமாலை ஸ்பெயின் அணி ஆடவைத்தது என்று பார்சிலோனா பயிற்சியாளர் ஹான்சி ஃபிளிக் வெளிப்படையாகவே குறைகூறினார். கிளப்புகளும் இதில் தூய்மையானவை அல்ல. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் தொடர்ந்து 87 ஆட்டங்கள் ஆடி ஆர்சனல் சாதனை படைத்த சாகாவுக்கு, 2024 டிசம்பரில் தொடைப் பின்தசை கிழிந்து அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. மூன்று மாதங்களுக்கு மேல் கழித்து 2025 ஏப்ரல் 1 அன்றுதான் அவர் திரும்பினார். முந்தைய ஆட்டங்களின் சுமைதான் காரணம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆயினும் வெற்றி உறுதியான ஆட்டங்களில் 60ஆவது நிமிடத்திலேயே இளம் விங்கரை வெளியே அழைப்பது இன்று எந்தப் பயிற்சியாளருக்கும் எளிது. ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்க விதி இடம் தருகிறது.

கேள்வி: பதினெட்டு வயதுக்குட்பட்ட வீரரை வெளிநாட்டுக் கிளப்புகள் வாங்க முடியுமா?

பதில்: பொதுவாக முடியாது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகளின்படி சர்வதேச இடமாற்றத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. வினிசியுஸுக்கான ஒப்பந்தம் 2017இலேயே முடிவாகியும் அவர் ஓராண்டு பிரேசிலிலேயே ஆடியது இதனால்தான். 18 வயதுக்குட்பட்டவருடன் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொழில்முறை ஒப்பந்தத்தையும் ஃபிஃபா ஏற்பதில்லை.

கேள்வி: வேகம் குறைந்த பிறகு விங்கருக்கு என்ன மிச்சம்?

பதில்: பிரான்சின் விங்கர் உஸ்மான் டெம்பெலேயிடம் கேட்க வேண்டிய கேள்வி. 2017இல், 20 வயதில், பெருந்தொகைக்குப் பார்சிலோனா வந்த அவர் சில வாரங்களிலேயே தொடைத்தசைக் காயத்தால் வெளியேறினார். அங்கிருந்த ஆறு பருவங்களும் பெரும்பாலும் காயங்களின் கதையாகவே கழிந்தன. வேகம் இன்னும் அவரை விட்டுப் போய்விடவில்லை என்றாலும், பாரிஸ் செயின்ட்-ஜெர்மனில் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே அவரை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு, ஓட்டத்தைவிட இடம் பார்த்து நிற்பதும் எதிரணித் தடுப்பாட்டத்தை முதல் ஆளாக நெருக்குவதும் அவருடைய ஆட்டமாயின. 2025இல் அந்த அணி சாம்பியன்ஸ் லீகை வென்றது. அதே ஆண்டு, 28 வயதில், அவர் ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதைப் பெற்றார்.