தின்பண்டங்களை அடியோடு விட்டால்தான் ஆரோக்கியமா?

கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஆரோக்கியமான சாப்பாட்டுக்கு மாறும்போது சாக்லேட், ஐஸ்கிரீம், சிப்ஸ் மாதிரியானவற்றை முழுக்க நிறுத்திவிட வேண்டுமா என்பது ஒன்று. ஒரு நாள் கைமீறிப் போய்விட்டால் மறுநாள் பட்டினி கிடந்து சரிசெய்துகொள்ளலாமா என்பது இன்னொன்று.

முதலாவதற்கு என் பதில்: நிறுத்த வேண்டாம். நான் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் முதல் சந்திப்பிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ராத்திரி சாக்லேட் சாப்பிடுவேன் மேடம்" என்கிறார்கள். அவர்கள் சாப்பிடும் சாக்லேட்டைவிட அந்தத் தாழ்ந்த குரல்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஒரு பண்டத்தைக் குற்றமாக நினைக்கிறவர் அதை ஒளித்துச் சாப்பிடுவார், அவசரமாகச் சாப்பிடுவார், அளவு பார்க்காமல் சாப்பிடுவார். அதே பண்டத்தைச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் சாப்பிடுகிறவருக்கு ஒரு துண்டு போதுமாக இருக்கிறது.

எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்காகவே பார்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளின் மொத்த ஆற்றலில் சேர்த்த சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது. தினமும் 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது 50 கிராம், 25 கிராம் என்று வரும், ஏனென்றால் 1 கிராம் சர்க்கரையில் 4 கலோரி. தேன், சர்க்கரைப் பாகு, பழச்சாறு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக இருக்கும் சர்க்கரை சேராது.

25 கிராம் மில்க் சாக்லேட்டில் சுமார் 13 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீமிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக, குறைந்த வரம்பான 25 கிராமுக்குள்ளேயே இவற்றில் ஒன்றுக்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தைப் பெரும்பாலும் நாம் ரசித்துச் சாப்பிடும் பண்டங்கள் பிடித்துக்கொள்வதில்லை. ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 4 கிராம். ஒரு நாளைக்கு மூன்று கப் டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் 24 கிராம் அங்கேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் சாஸ், சுவையூட்டிய தயிர், பெட்டியில் வரும் காலை உணவு, பிரெட். இவற்றில் இருக்கும் சர்க்கரையை யாரும் ஆசைப்பட்டுச் சாப்பிடுவதில்லை, அது இருப்பதே பலருக்குத் தெரியாது. அங்கே குறையுங்கள். டீயில் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும். மிச்சமாகும் இடத்தை உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த பண்டத்துக்குக் கொடுங்கள்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. முதலில் சாப்பாடு ஒழுங்காக இருக்க வேண்டும். காய்கறியும் பழமுமாக ஒரு நாளைக்கு 400 கிராமாவது, போதுமான புரதம், பருப்பு, முழு தானியம் என்று தட்டு நிறைந்திருந்தால்தான் தின்பண்டம் சேர்க்கை. இல்லாவிட்டால் அது சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். "சாயங்காலம் அஞ்சு மணி ஆனா சிப்ஸைப் பார்த்து கட்டுப்படுத்தவே முடியல" என்று யாராவது சொன்னால், மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் மதியச் சாப்பாடு பாதியாகவோ இல்லாமலோ இருக்கும். பசித்த உடம்பு உப்பையும் கொழுப்பையும் தேடும், அது அதன் வேலை. அதை மனவுறுதிக் குறைவு என்று யாரும் தன்னைத் திட்டிக்கொள்ளத் தேவையில்லை.

சரி, அடியோடு நிறுத்தினால்தான் என்ன? கொஞ்ச நாள் வாயைக் கட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். 1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மாக்கும் வெளியிட்ட ஒரு சோதனையை இதற்காகவே அடிக்கடி எடுத்துச் சொல்வேன். கல்லூரிப் பெண்கள் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு ருசி பார்க்கச் சொல்லி எல்லோர் முன்னும் ஐஸ்கிரீம் வைத்தார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தால் அப்படித்தானே இருக்கும். எப்போதும் டயட் என்று தன்னைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தவர்கள் நேர் எதிராக நடந்துகொண்டார்கள். மில்க் ஷேக் குடித்த பிறகு அவர்கள் ஐஸ்கிரீமை அதிகமாகச் சாப்பிட்டார்கள். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற மனநிலைதான். விதி உடைந்துவிட்டது, இன்றைய நாள் போனது போனதுதான், நாளைக்கு மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. 1991-இல் ஜெர்மன் ஆய்வாளர் யோவாகிம் வெஸ்டன்ஹோஃபர் உணவுக் கட்டுப்பாட்டை இறுக்கமானது, நெகிழ்வானது என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். 'இது கூடவே கூடாது' என்று இருந்தவர்களிடம்தான் கட்டுப்பாடு இழந்து சாப்பிடும் போக்கு அதிகமாகத் தெரிந்தது. இன்று கொஞ்சம் கூடினால் அடுத்த வேளையில் அனுசரித்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களிடம் அது குறைவு.

குழந்தைகள் விஷயத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜெனிஃபர் ஃபிஷரும் லீஆன் பர்ச்சும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பண்டத்தைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, எடுப்பதற்கு மட்டும் கட்டுப்பாடு போட்டார்கள். குழந்தைகளின் கவனம் முழுக்க அந்தப் பண்டத்தின் மேலேயே போனது. எடுக்க வாய்ப்புக் கிடைத்தபோது அதிகமாக எடுத்தார்கள். அலமாரியின் உச்சியில் ஒளித்து வைக்கும் பிஸ்கட் டப்பாவும் இதைத்தான் செய்கிறது. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, "காயைச் சாப்பிட்டு முடி, ஐஸ்கிரீம் தர்றேன்" என்ற பேரம். அதைக் கேட்கும் குழந்தை, காய் என்பது கூலிக்காகச் சகித்துக்கொள்ள வேண்டிய வேலை, ஐஸ்கிரீம்தான் பரிசு என்று கற்றுக்கொள்கிறது. எங்கள் வீட்டில் பிஸ்கட்டோ கேக் துண்டோ இருக்கும் நாளில் அதைச் சின்னதாக நறுக்கிச் சாப்பாட்டோடு சேர்த்தே வைத்துவிடுவேன். மகள் சில நாள் அதை முதலில் சாப்பிடுவாள், சில நாள் பாதியை விட்டுவிட்டுப் போவாள். எது முதலில் என்பதில் நான் தலையிடுவதில்லை. தட்டில் எவ்வளவு வைப்பது என்பது மட்டும் என் பொறுப்பு. (2 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குச் சேர்த்த சர்க்கரையே வேண்டாம் என்பதுதான் பொதுவான அறிவுரை. நான் சொல்வது அதற்கு மேல் வயதானவர்களுக்கு.)

எப்போது சாப்பிடுவது என்பதும் முக்கியம். முடிந்தவரை சாப்பாட்டை ஒட்டியே சாப்பிட்டுவிடுங்கள். நார்ச்சத்து, புரதம், கொழுப்பு எல்லாம் வயிற்றில் இருக்கும்போது சர்க்கரை ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் வேகமாக ஏறும். வயிறு நிறைந்திருப்பதால் சின்னத் துண்டிலேயே திருப்தியும் வந்துவிடும். பல்லுக்கும் இதுதான் நல்லது. சர்க்கரை பட்டதும் வாயிலிருக்கும் பாக்டீரியாக்கள் அமிலம் உண்டாக்குகின்றன, சில நிமிடங்களிலேயே பல்லின் மேற்பரப்பு அமிலத்தன்மைக்கு மாறிவிடுகிறது, உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஒரே நேரத்தில் ஆறு மிட்டாய் சாப்பிட்டால் அமிலத் தாக்குதல் ஒரு முறைதான். அதே ஆறு மிட்டாயை மணிக்கு ஒன்றாகச் சாப்பிட்டால் ஆறு முறை. இதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது ஸ்வீடனின் விப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1940-களில் தொடங்கிய ஆய்வு. அறிவு வளர்ச்சிக் குறைபாடு கொண்ட நோயாளிகளுக்கு, அவர்கள் சம்மதம் இல்லாமலே, ஒட்டிக்கொள்ளும் டாஃபிகளைக் கொடுத்துப் பல்லைச் சொத்தையாக்கிப் பார்த்தார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத கொடுமை அது. சாப்பாட்டு வேளைகளுக்கு இடையில் அடிக்கடி சாப்பிடும், பல்லில் ஒட்டும் இனிப்புதான் மிக மோசம் என்ற அறிவு அவர்கள் பட்ட வலியிலிருந்து வந்தது. பல் மருத்துவர் சொல்லும்போது நாம் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன்.

பாக்கெட்டிலிருந்து நேராகச் சாப்பிடாதீர்கள், ஒரு கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு பாக்கெட்டை மூடி வைத்துவிடுங்கள். போனைக் கீழே வையுங்கள். ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிடும்போது முதல் சில வாய்களில் கிடைத்த இன்பம் குறைந்துகொண்டே போகும். கவனித்துச் சாப்பிட்டால் அது எங்கே குறைகிறது என்று உங்களுக்கே தெரியும். திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் கிண்ணம் காலியான பிறகுதான் தெரியும்.

ஒன்றில் மட்டும் நான் கறாராக இருப்பேன்: இனிப்பான குளிர்பானங்கள். 330 மில்லி கோலா கேன் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. அளவு மட்டும் பிரச்சினை இல்லை, திரவமாக உள்ளே போகும் கலோரியை உடம்பு சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. 2000-இல் வெளியான டிமெக்லியோ, மேட்ஸ் ஆகியோரின் ஆய்வில் அதே ஆட்களுக்கு நான்கு வாரம் தினமும் 450 கலோரி அளவுக்கு ஜெல்லி மிட்டாயும், இன்னொரு நான்கு வாரம் அதே அளவுக்குக் குளிர்பானமும் கொடுத்தார்கள். மிட்டாய் சாப்பிட்ட வாரங்களில் அவர்கள் தங்களை அறியாமலே மற்ற சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். குளிர்பானம் குடித்த வாரங்களில் குறைக்கவில்லை; எடையும் கூடியது. அதனால் ஆசைக்கு ஏதாவது வேண்டும் என்றால் மென்று சாப்பிடுவதைத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

'ஆரோக்கியமான' பெயரோடு வரும் மாற்றுப் பண்டங்களைப் பற்றியும் கேட்பார்கள். தேன் ஊற்றிய கேக்கும் கேக்தான். புரோட்டீன் பார் சிலவற்றில் சாக்லேட் அளவுக்கே சர்க்கரை இருக்கும், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். எடையைக் குறைப்பதற்காகச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. சாக்லேட் வேண்டும் என்று மனம் கேட்கும்போது அதற்குப் பதிலாக நாலு பிஸ்கட், ஒரு பார், கொஞ்சம் உலர்பழம் என்று சுற்றி வந்து கடைசியில் சாக்லேட்டையும் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பேசாமல் முதலிலேயே நல்ல சாக்லேட்டாக இரண்டு சதுரம் சாப்பிட்டுவிடலாம். லேபிளில் 'பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்' என்று இருந்தால் மட்டும் வாங்காதீர்கள். அதிலிருக்கும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

இந்தப் பதில் எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. சர்க்கரை நோய் இருந்தால் தின்பண்டத்துக்கு இடமே இல்லை என்று அர்த்தமில்லை, ஆனால் அதை அந்த வேளையின் மாவுச்சத்துக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும். மருந்தோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் தங்கள் மருத்துவரிடம் பேசி அளவை முடிவு செய்யுங்கள். ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாமல் வயிறு வலிக்கும்வரை சாப்பிடுவது, பிறகு வாந்தி எடுப்பது, தனியாகச் சாப்பிட்டுவிட்டு அழுவது என்று இருப்பவர்களுக்கு நான் மேலே சொன்ன யோசனைகள் போதாது. அது சிகிச்சை உள்ள ஒரு நோய். தயவுசெய்து மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி, மறுநாள் பட்டினி. வேண்டாம். பட்டினி கிடந்தால் மாலையில் மறுபடி அதே பசியோடு அதே பண்டத்தின் முன்னால் போய் நிற்பீர்கள். அதிகமாகச் சாப்பிட்ட மறுநாள் காலை எடைக் கருவி 1 கிலோ கூடுதலாகக் காட்டலாம். அது பெரும்பாலும் தண்ணீர். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. உடம்பு கிளைக்கோஜனாகச் சேமிக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்தே தங்குகிறது. வழக்கம்போலச் சாப்பிட்டால் சில நாட்களில் அது தானாக இறங்கிவிடும். 1 கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும், ஒரு பிறந்தநாள் விருந்தில் அது நடக்காது. அதனால் மறுநாள் எடை பார்க்காமல் வழக்கமான காலைச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள், மதியமும் அப்படியே. அந்த வாரத்தில் வேறொரு நாளுக்கு ஐஸ்கிரீம் என்று முன்பே திட்டம் வைத்திருந்தால், அதையும் தண்டனையாக ரத்து செய்ய வேண்டாம்.