ஃபயர்வாலுக்கு எந்தப் பக்கம் போர்வை?

கேள்வி: காட்பாடிக்குப் பக்கத்தில் என் கொட்டகையில், இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம் ஒன்றைக் கிட் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். காற்றால் குளிரும் நாலு சிலிண்டர் எஞ்சின். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் தீயைத் தடுக்க நிற்கும் சுவரான ஃபயர்வால் 0.45 மி.மீ. எஸ்.எஸ். தகடு. எஞ்சினை இன்னும் மாட்டவில்லை. நம் ஊர் வெயிலோடு காலடியில் எஞ்சின் சூடும் சேர்ந்தால் உட்காரவே முடியாதோ என்று பயமாக இருக்கிறது. ஷெட் கூரைக்கு அடியில் அடிப்பார்களே, ஃபாயில் ஒட்டிய ஃபோம் ஷீட், அதைக் கேபின் பக்கம் ஃபயர்வால் முழுக்க ஒட்டிவிடலாமா? கிட்டோடு ஒரு அலுமினிய ஹீட்டர் பெட்டியும் வந்திருக்கிறது. அதையும் மாட்ட வேண்டுமா?

பதில்: ஃபோமை ஒட்டாதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் கொட்டகைக் கூரைக்கு அடித்துவிடுங்கள்; அங்கே நன்றாக வேலை செய்யும்.

இதைச் சொல்லிக் கேட்பதைவிட ஒரு தடவை கண்ணால் பார்ப்பது நல்லது. ஒரு சாண் சதுரத்துக்கு உங்கள் ஃபயர்வால் தகட்டையே போன்ற 0.45 மி.மீ. தகடு ஒன்றை வெட்டி, அதன் பின்பக்கம் இதே ஃபோமை ஒட்டி, திறந்த வெளியில் வைஸில் நிற்க வைத்து, முன்பக்கம் பிரேஸிங் டார்ச் பிடித்துப் பார்த்தேன். சீக்கிரமே தகட்டின் நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு ஏறியது. பின்பக்கம் முதலில் கொப்பளித்தது பசைதான். பழுப்பாகி, ஓரத்திலிருந்து நூல் போலப் புகை கிளம்பியது. அப்புறம் ஃபாயில் சுருங்கி விலகியது. ஃபோம் உருகிச் சொட்ட ஆரம்பித்தது. சொட்டு எரிந்துகொண்டே கீழே விழுந்தது. டார்ச்சின் சுடர் தகட்டைத் தாண்டி வரவே இல்லை, தகட்டில் ஒரு ஊசி ஓட்டைகூட விழவில்லை. விமானத்தில் அந்தச் சொட்டு விழுகிற இடத்தில் உங்கள் பாதம் இருக்கும். அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டேதான் நீங்கள் இறங்க இடம் தேட வேண்டும். உங்கள் ஷீட்டிலேயே ஒரு துண்டு வெட்டி, பெட்ரோல் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், காற்று வரும் திசையில் நின்று இதைச் செய்து பாருங்கள். கார் ஆக்சசரிஸ் கடையில் சத்தம் குறைக்க என்று விற்கும் தார் ஷீட்டையும் இப்படிச் சோதியுங்கள். அதைப் பார்த்த பிறகு கேபின் பக்கம் எதையும் ஒட்ட மனசு வராது.

எஸ்.எஸ். தகடு சுடரைத் தடுக்கும். சூட்டை அது தடுப்பதே இல்லை. எஃகு வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் உலோகம்தான், அலுமினியத்தோடு ஒப்பிட்டால் மிக மெதுவாக. ஆனால் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத கனத்தில் அந்த மெதுவுக்கு அர்த்தமில்லை. இந்தப் பக்கம் சிவந்தால் அந்தப் பக்கமும் சிவந்த மாதிரிதான். பிறகு எஃகை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அது நெருப்பில் நின்று பிடிக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், விமானத்துக்குப் பயன்படுத்தும் கலவைகள் அதற்கும் முன்பே. அமெரிக்காவில் சிறு விமானங்களுக்கான பழைய 23-ஆம் பகுதி விதி, ஃபயர்வால் சுமார் 1093 டிகிரிச் சுடரை 15 நிமிடம் தாங்க வேண்டும் என்றது. 0.38 மி.மீ. எஸ்.எஸ். தகடு என்றால் அந்தச் சோதனைகூட வேண்டாம், அப்படியே ஏற்கலாம் என்றும் சொன்னது. வீட்டில் கட்டும் விமானத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் கட்டுகிறவர்கள் அதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். உங்கள் தகடு அந்த அளவுக்கு மேலேயே இருக்கிறது.

அந்த 15 நிமிடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜவ்வாது மலைக்கு மேலே பறக்கும்போது எஞ்சின் அறையில் தீ என்றால், சமவெளிக்குத் திரும்பி, பாலாற்று மணலோ அறுவடை முடிந்த கழனியோ ஒன்றைத் தேடி இறங்க அஞ்சாறு நிமிடமாவது வேண்டும். அந்த அஞ்சாறு நிமிடமும் நீங்கள் கண் திறந்து, மூச்சு விட்டு, ஓட்டக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். சுகத்துக்காக நாம் சேர்க்கும் எந்தப் பொருளும் அந்த நேரத்தைத் தின்னக்கூடாது. கீழே சொல்லும் எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் முடிவு செய்திருக்கிறேன்.

சரி, சூட்டுக்கு என்ன வழி? முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஃபயர்வால் தகடு வழியாக வருவதைவிட அதிலுள்ள ஓட்டைகள் வழியாக வருவது அதிகம். பறக்கும்போது எஞ்சின் கூட்டுக்குள் காற்று அழுத்தம் கூடுதலாகவும், கேபினுக்குள் வெளியைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். அதனால் சிலிண்டர்களைக் குளிர்வித்துச் சூடேறிய காற்று, கிடைத்த சந்து வழியாக உள்ளே பாயும். த்ராட்டில் கேபிள் போகிற துளை, ஒயர் கட்டு போகிற துளை, மூலையில் தகடுகள் சேரும் இடம், வேறு எதற்கோ போட்டு வேண்டாமென்று விட்ட பழைய துளை, எல்லாமே வழிதான்.

இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ராத்திரி கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, கேபினுக்குள் காலடியில் நல்ல எல்.இ.டி. விளக்கு ஒன்றை வையுங்கள். எஞ்சின் பக்கம் வந்து நின்று கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுங்கள். தகட்டில் வரிசையாகப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும். ஒவ்வொரு புள்ளியையும் மார்க்கரால் வட்டமிடுங்கள். எஞ்சின் மாட்டாத நிலையில் இருக்கிறீர்கள் என்பதால் இது உங்களுக்கு மிக எளிது. மாட்டிய பிறகு பாதி இடத்துக்குக் கண்ணே போகாது.

அடைப்பதற்கு இளகும் சிலிக்கான் ட்யூப் போதாது. சூடு தாங்கும் என்று விற்கிற சிவப்புச் சிலிக்கான் (ஆர்.டி.வி.) கூட 300 டிகிரி வாக்கில் கைவிட்டுவிடும். நெருப்பில் உப்பிக்கொண்டு சந்தை அடைக்கிற ஃபயர் சீலன்ட் வாங்குங்கள், பெரிய கட்டடங்களில் கேபிள் போகும் துளைகளை அடைக்கப் பயன்படுத்துகிற வகை. துளையின் விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையம் (கிராமெட்) எரிந்தால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை திறந்துவிடும். அதன் மேல் எஸ்.எஸ். மூடி போட வேண்டும். ஒயர் கட்டுக்கு விளிம்பு வைத்த எஸ்.எஸ். குழாய்த் துண்டு ஒன்றை ஃபயர்வாலில் பதித்து, அதன் மேல் தீயைத் தாங்கும் உறையான ஃபயர் ஸ்லீவ் மாட்டி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போடுங்கள். ஃபயர்வாலில் அலுமினிய பாப் ரிவெட் இருந்தால் எடுத்துவிட்டு ஸ்டீலில் போடுங்கள். எரிபொருள், ஆயில் குழாய்கள் தாண்டும் ஃபிட்டிங்குகளையும் பாருங்கள்: விமான ஃபிட்டிங்கில் நீல நிறம் என்றால் அலுமினியம். ஃபயர்வாலைத் தாண்டும் இடத்தில் அது இருக்கக்கூடாது. சுவர் எஃகாக இருந்து அதில் பதித்த குழாய் உருகினால், நெருப்புக்கு நாமே கதவு வைத்துக் கொடுத்த மாதிரி.

அடுத்தது சைலன்ஸர். எக்ஸாஸ்ட் குழாய்க்குள் போகும் வாயு 700, 800 டிகிரியில் இருக்கும். இருட்டில் குழாயே மங்கலாகச் சிவந்து தெரியும். அது ஃபயர்வாலின் கீழ் விளிம்புக்கும் தரைத்தகட்டுக்கும் கிட்டே போகிற இடத்தில் சூடு கதிராகப் பாய்கிறது. அதற்குப் போர்வையைவிடக் கேடயம் நல்லது. மெல்லிய எஸ்.எஸ். தகடு ஒன்றைக் குழாய்க்கும் தரைக்கும் நடுவில், தரைத்தகட்டிலிருந்து ஒரு விரற்கடை இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கேடயம் கதிரை வாங்கிக்கொள்ளும், நடுவில் ஓடும் காற்று சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். தரைத்தகட்டோடு ஒட்டி வைத்தால் பயனில்லை.

இவ்வளவும் செய்த பிறகுதான் போர்வை. அதுவும் எஞ்சின் பக்கம். செராமிக் ஃபைபர் பிளாங்கெட், 1260 டிகிரி ரகம், 6 மி.மீ. கனம். பாய்லருக்குச் சூடு வெளியேறாமல் போர்வை சுற்றுகிற (லேக்கிங்) வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலைகள் இருப்பதால் அந்த வேலை தெரிந்தவர்களைத் தேடி நீங்கள் சென்னைக்குப் போக வேண்டியிருக்காது. கிளாஸ் உல்லை இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று கொடுத்தால் வாங்காதீர்கள், அது இந்தச் சூட்டில் உருகிவிடும். பிளாங்கெட்டின் மேல் 0.05 மி.மீ. எஸ்.எஸ். ஃபாயில் போர்த்தி, நாலு ஓரத்தையும் மடித்து, ஒரு இழைகூட வெளியே தெரியாதபடி மூட வேண்டும். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். திறந்த ஓரம் ஒன்று இருந்தால் கசியும் ஆயிலையும் பெட்ரோலையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விளக்குத் திரி எண்ணெயில் ஊறியிருப்பது போல ஃபயர்வால் முழுக்க ஒரு திரியைக் கட்டி வைத்த கதைதான் அது. வெட்டும்போது முகத்தில் என்95 மாஸ்க், கையில் கிளவுஸ், பிளாங்கெட் மேல் லேசாகத் தண்ணீர்த் தெளிப்பு. அந்த இழைத்தூசி நுரையீரலுக்கு ஆகாது, வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

எஞ்சினைத் தாங்கும் சட்டமான மவுன்ட்டின் கால்கள் உட்காரும் இடங்களில் போர்வை வரக்கூடாது. அவை நேராக உலோகத்தின் மேல் உட்கார வேண்டும். நடுவில் அமுங்குகிற பொருள் இருந்தால், இன்று நீங்கள் டார்க் ஸ்பானரால் அளவு வைத்து முறுக்கிய போல்ட் நாளைக்குத் தளர்ந்திருக்கும். அந்த இடங்களைச் சுற்றிலும் வெட்டிவிட்டு, ஃபாயில் ஓரத்தை அங்கேயும் மடித்து மூடுங்கள். எடையைப் பற்றிக் கவலை வேண்டாம்: உங்கள் அளவு விமானத்தில் ஃபயர்வால் 0.6 சதுர மீட்டர் என்று வைத்தால், கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தியுள்ள பிளாங்கெட் அரை கிலோவுக்குள், ஃபாயில் கால் கிலோ. முக்கால் கிலோ கூடும், அவ்வளவுதான்.

ஹீட்டர் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. உயரம் 1000 அடி ஏற ஏறச் சுமார் 2 டிகிரி குறையும். ஜனவரி நண்பகலில் வேலூர்த் தரையில் 29 என்றால் 8000 அடியில் 13 போல இருக்கும், அதுவும் கண்ணாடிக் கூரை வழியாக வெயில் மேலே விழும்போது. அதற்கு ஒரு ஸ்வெட்டர் போதும். ஹீட்டர் என்பது சைலன்ஸரைச் சுற்றி ஒரு தகட்டு உறை போட்டு, அதில் சூடாகும் காற்றைக் கேபினுக்குள் விடுவதுதான். சைலன்ஸரில் மயிரிழை விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு நேராக உங்கள் மூக்குக்கு வரும். அதோடு ஹீட்டர் பெட்டி அலுமினியம் என்கிறீர்கள். அதை மாட்ட ஃபயர்வாலில் இரண்டு அங்குலத் துளை போட வேண்டும், தீ வந்தால் பெட்டி உருகித் துளை அப்படியே திறந்து நிற்கும். பின்னால் விமானத்தைக் குளிர் பிரதேசத்துக்குக் கொண்டுபோகும் எண்ணம் வந்தால் அப்போது எஸ்.எஸ். பெட்டி மாட்டலாம், மூடினால் சூட்டுக்காற்றை வெளியே தள்ளிவிடும் வால்வு உள்ளதாகப் பார்த்து. இப்போது துளையே போடாதீர்கள்.

ஹீட்டர் இல்லாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்று டேஷில் இருக்க வேண்டும், எண்ணும் அலாரமும் காட்டுகிற எலக்ட்ரானிக் வகை. நிறம் மாறும் அட்டையை நம்ப வேண்டாம். வயிற்றுக்கு அடியில் ஓடும் எக்ஸாஸ்ட் புகை, இறக்கையின் பின் விளிம்பில் இறங்கும் ஃபிளாப்பின் கம்பி போகிற சந்து வழியாகவும் வால் பக்கத்துத் துளை வழியாகவும் உள்ளே இழுக்கப்படும். இந்த வாயு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதல் அறிகுறி தலைவலி. மே மாதத்து வேலூரில் பறந்து தலை வலித்தால் நம்மில் யாரும் வெயில் என்றுதான் நினைப்போம், தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்து பறப்போம். இதுதான் எனக்குப் பயம்.

இன்னொன்று. உங்கள் விமானத்துக்குக் கண்ணாடிக் கூரையா? அப்படியானால் உச்சி வெயிலில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் அதன் மேல் விழுகிறது. இஸ்திரிப் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது போல. ஃபயர்வாலை எவ்வளவு போர்த்தினாலும் அது குறையாது. தரையில் நிற்கும்போது வெள்ளைத் துணி உறை, பறக்கும்போது தலைக்கு மேல் சின்னத் திரை, ஒரு ஆளுக்கு ஒன்று என்று வெளிக்காற்று வரும் துவாரம், பின்பக்கம் காற்று வெளியேற வழி. வெளியேற வழி இல்லாவிட்டால் முன்னால் எத்தனை துவாரம் வைத்தாலும் காற்று உள்ளே வராது.

இறங்கி எஞ்சினை அணைத்த பிறகு அரை மணி நேரம் எஞ்சின் கூட்டுக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும், காற்றோட்டம் நின்றுவிடுவதால். ஆயில் பார்க்கும் சிறு கதவைத் திறந்து வையுங்கள். எரிபொருள் குழாய்களுக்கு ஃபயர் ஸ்லீவ் போட்டிருந்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும் தொல்லையும் குறையும்.

விளக்குச் சோதனையையும் அடைப்பு வேலையையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். பிளாங்கெட்டை வெட்டுவதற்கு முன் மவுன்ட் கால்கள், பேட்டரிப் பெட்டி, குழாய்கள் உட்காரும் இடங்களையெல்லாம் அட்டையில் அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஏறிய பிறகு அந்த மூலைகளுக்குள் கை போகாது.