வெயிட் லிஸ்ட், தடைக்காலம், சம்மர்ஸ்: பி-ஸ்கூல் போகும் நம்ம பிள்ளைகளுக்குச் சில பதில்கள்

மே மாதம் பிறந்தால் என் போன் சும்மா இருக்காது. ராயபுரத்தில் பிறந்து, சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவிகள் நடத்தும் பி-ஸ்கூல் (மேனேஜ்மென்ட் படிப்புக் கல்லூரி) ஒன்றில் ரெண்டு வருஷம் படித்து, இப்போது கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அதனால் பூசை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதுகூட யாராவது பிடித்துக்கொள்வார்கள். போன ரெண்டு வாரத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். பேர் போடவில்லை, ஏரியா மட்டும்.

தண்டையார்பேட்டை, பி.காம் முடித்த தம்பி: "அக்கா, வெயிட் லிஸ்ட்ல எண்பத்தி சொச்சம். மே பாதி தாண்டிருச்சு, நம்பலாமா? இன்னொரு காலேஜ்ல சீட் இருக்கு, பணம் கட்டச் சொல்றாங்க."

நம்பு, ஆனால் கையில் இருப்பதை விடாதே. நல்ல ஸ்கோர் எடுத்த ஒருத்தன் நாலு இடத்தில் சீட்டைப் பிடித்து வைத்திருப்பான். ஐஐஎம் லிஸ்ட் வந்ததும் மூணை விடுவான். அந்த மூணும் கீழே இருப்பவர்களுக்கு இறங்கும். இந்த நகர்வு மே கடைசியிலும் ஜூனிலும்தான் வேகம் பிடிக்கும். கட்டிய பணம் போய்விடுமோ என்று பயப்படாதே. வகுப்பு தொடங்கும் முன் எழுதிக் கொடுத்து விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, ஒரிஜினல் சர்டிபிகேட்டை வைத்துக்கொள்ளவும் கூடாது. இது ஏஐசிடிஇ (தொழில்நுட்ப, மேனேஜ்மென்ட் கல்லூரிகளுக்கான மத்திய அமைப்பு) விதி. ஆனாலும் கட்டுவதற்கு முன் ஒரு மெயில் போட்டு ரீஃபண்ட் விவரத்தை எழுத்தில் வாங்கிக்கொள். போனில் "பாத்துக்கலாம்" என்று சொன்னது எதற்கும் உதவாது.

காசிமேடு, ஒரு அம்மா: "பொண்ணுக்கு நுங்கம்பாக்கம் லயோலா வளாகத்துல இருக்குற பி-ஸ்கூல்ல சீட் கிடைச்சிருக்கும்மா. முதல் தவணை மே முடியறதுக்குள்ள கட்டணுமாம். எங்க மீன்பிடி போட்டு கரையில நிக்குது. நான் எங்க போவேன்?"

அம்மா, உங்கள் கேள்விக்குத்தான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் இது எங்கள் வீட்டுக் கதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அட்மிஷன் பணம் கேட்பதும் சரியாக அதே நாட்களில். காலேஜ் காலண்டர் போடுகிறவர்களுக்குத் தடைக்காலம் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். பொண்ணைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். ஆபீஸ் கவுன்ட்டரில் முடியாது என்றால் டைரக்டர் ஃபாதரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி, ஜூலை வரை தவணை கேளுங்கள். கேட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது லோன். எனக்கு லோன் கேட்கப் போன அன்று மேனேஜர் "சம்பள ஸ்லிப் எங்க?" என்றார். அப்பா சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து மேசையில் பரப்பினார். எல்லாம் ஏலக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுகள்: வஞ்சிரம் இவ்வளவு, சங்கரா இவ்வளவு, டீசலுக்குக் கழித்தது இவ்வளவு. ஏசி ரூம் முழுக்க மீன் வாசனை. மேனேஜர் பேனா முனையால் ஒரு சீட்டைத் தள்ளிவிட்டு, "இதெல்லாம் வருமானம்னு நான் எப்படி எழுதுறது?" என்று கேட்டார். அப்பா பதில் பேசாமல் ஒவ்வொன்றாக அடுக்கித் திரும்ப ரப்பர் பேண்ட் போட்டார். அந்த மனுஷன் மேல் இன்னும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர் கேட்டது ஒரு காகிதம்தான், அது எங்களிடம் இல்லை.

அதனால் இன்றைக்கே இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அது தாசில்தார் ஆபீசிலிருந்து வர நாள் பிடிக்கும். கூடவே ஒரு வருஷ பாஸ்புக், அட்மிஷன் கடிதம், முழுப் படிப்புக்கும் ஆகும் ஃபீஸ் விவரம் எல்லாம் எடுத்து வையுங்கள். கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம் அதன் பட்டியலில் இருக்கும் கல்லூரிகளுக்கு மட்டும்தான். உங்கள் காலேஜ் அதில் இருந்தால், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு வட்டியில் 3 சதவீதம் சலுகை. படிக்கும்போதும் முடித்து ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். இதை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். லோன் தருகிறோம் என்று பேங்க் கொடுக்கும் சாங்ஷன் லெட்டர் கைக்கு வந்ததும் ஒரு காப்பியைக் காலேஜில் கொடுங்கள். அதைப் பார்த்த பிறகு அவர்கள் பேச்சே மாறும்.

வியாசர்பாடி, ஒரு அண்ணன்: "தங்கச்சிக்காகக் கேக்குறேன். நாங்க கிறிஸ்டியன் இல்ல. சேசு சபை காலேஜ்ல பைபிள் கிளாஸ் வைப்பாங்களா?"

வைக்க மாட்டார்கள். என் வகுப்பில் பாதிக்கு மேல் வேறு மதத்துப் பிள்ளைகள். சிறுபான்மை நிறுவனம் என்பதால் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பங்கு சீட் ஒதுக்குவார்கள், அவ்வளவுதான். எல்லாருக்கும் கட்டாயம் என்றால் எத்திக்ஸ் பேப்பர். எங்கள் ஃபாதர் அதை 1891-ல் இருந்து ஆரம்பித்தார். அந்த வருஷம் போப் 13-ஆம் லியோ, தொழிலாளிக்கு நியாயமான கூலி வேண்டும், சங்கம் சேர உரிமை வேண்டும் என்று 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடல் எழுதினார். எனக்குக் கண்ணில் வந்தது பெரம்பூர் பி அண்ட் சி மில். செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, வாடியா, திரு.வி.க. எல்லாரும் சேர்ந்து 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்களே, அந்த மில். 1996-ல் அது மூடியபோது எங்கள் தெருவிலேயே ரெண்டு வீட்டில் வேலை போயிற்று. அதைச் சொன்னேன். "இதையே பேப்பரா எழுது" என்றார் ஃபாதர். உங்கள் தங்கச்சிக்கும் அப்படி ஒன்று கிடைக்கும், வியாசர்பாடியில் கதைக்கா பஞ்சம்!

மணலி, முதல் வருஷம் முடித்த தம்பி: "சம்மர்ஸ் (கோடைப் பயிற்சி)க்கு சிஎஃப்எஸ் (கன்டெய்னர் சரக்கு நிலையம்) யார்டுல போட்டிருக்காங்க. மூணு வாரமா ஜெராக்ஸ் எடுக்குறேன். எட்டு வாரம் முடிஞ்சா ரிப்போர்ட்ல என்னத்த எழுத?"

சிரிப்பு வருது தம்பி, நானும் அதே யார்டு பக்கம்தான் இருந்தேன். ஜெராக்ஸ் மெஷினை விட்டு யார்டு வாசலுக்கு வா. ஒரு நோட்டும் வாட்ச்சும் போதும். டிரெய்லர் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது உள்ளே போனது, எதற்காக நின்றது என்று மூணே மூணு கட்டம் போடு. நான் பதினோரு நாள் காலை ஆறிலிருந்து மதியம் வரை எழுதினேன். நிறைய வண்டி ரோடு நெரிசலால் நிற்கவில்லை. ஃபாரம் 13, அதாவது கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போவதற்கான அனுமதிச் சீட்டு, வரவில்லை என்று நின்றது. டிரைவர்களுக்கு இது பழைய செய்தி, டீக்கடையில் தினமும் திட்டுவார்கள். ஆனால் ஆபீஸில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அந்த நோட்டுதான் என் ரிப்போர்ட். படிப்பு முடியும் முன்பே கம்பெனி தரும் வேலை ஆஃபரும் (பிபிஓ) அதை வைத்துத்தான் வந்தது. டிரைவர்களிடம் பேசும்போது "அண்ணே" என்று கூப்பிடு, டீ வாங்கிக் கொடு. இதைக் காலேஜில் சொல்லித் தர மாட்டார்கள்.

வண்ணாரப்பேட்டை: "பிளேசர் கட்டாயமா அக்கா? எம்.சி. ரோட்ல வாங்கலாமா?"

பிரசன்டேஷனுக்குக் கேட்பார்கள். எம்.சி. ரோடே போதும். அதைவிட நல்லது, படிப்பு முடித்துப் போகிற சீனியரிடம் கேள். ரெண்டு வருஷத்தில் பத்து தடவைகூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

கொளத்தூர், ஒரு அங்கிள்: "தங்கச்சி பையனுக்கு அமெரிக்காவுல போப் படிச்ச யூனிவர்சிட்டியிலயே அட்மிஷன். பேரைச் சொன்னாலே வேலை குடுப்பாங்கங்கிறான். உண்மையாம்மா?"

வில்லனோவா. பிலடெல்பியா பக்கம், அகுஸ்தினார் சபை 1842-ல் தொடங்கியது. இப்போதைய போப் 14-ஆம் லியோ அங்கே 1977-ல் பட்டம் வாங்கினார், ஆனால் கணக்கில் வாங்கினார், பிசினஸில் இல்லை! நல்ல இடம்தான். ஆனாலும் பையன் பேரைப் பார்ப்பதற்கு முன் யூனிவர்சிட்டி அனுப்பும் ஐ-20 படிவத்தில், படிப்பின் வகையைச் சொல்லும் சிஐபி எண்ணைப் பார்க்கட்டும். 52.0201 என்றால் பொது எம்பிஏ. படிப்புக்குப் பிறகு 12 மாதம்தான் வேலை பார்க்கலாம். 52.1301 என்றாலோ 30.7102 என்றாலோ ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பாக எடுத்துக்கொள்வார்கள், இன்னும் 24 மாதம் சேரும். லோன் அடைக்க வேண்டிய வீட்டுக்கு அந்த 24 மாதம்தான் முக்கியம். ஜெமினி ஃப்ளைஓவர் பக்கத்து அமெரிக்க கான்சுலேட்டில் விசா தேதி கிடைத்ததும் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) ஃபீஸ் ரசீதையும் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள். வகுப்பு தொடங்க 30 நாளுக்கு மேல் இருக்கும்போது அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

எர்ணாவூர்: "ஹாஸ்டலா, வீட்டுலேர்ந்தே போய்ட்டு வரலாமா?"

விம்கோ நகரில் மெட்ரோ பிடித்து சென்ட்ரல், அங்கிருந்து நடந்து பார்க் ஸ்டேஷன், தாம்பரம் ரயிலில் நுங்கம்பாக்கம். பகலில் ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் முதல் டெர்மில் குரூப் வேலை ராத்திரி பத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும். முடிந்தால் அந்த மூணு மாதம் மட்டுமாவது ஹாஸ்டல்.

பெரம்பூர், டிகிரி மூணாம் வருஷம் போகிற தங்கச்சி: "அடுத்த வருஷம் பி-ஸ்கூல் சேர இப்ப என்ன பண்ணணும்?"

எக்ஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வுக்குப் படி. ஜாம்ஷெட்பூரில் 1949-ல் தொடங்கிய எக்ஸ்எல்ஆர்ஐ என்ற பி-ஸ்கூல் நடத்துவது. 1979-ல் லயோலா வளாகத்தில் வந்த லிபா என்ற பி-ஸ்கூலும் அந்த ஸ்கோரை எடுத்துக்கொள்கிறது. வழக்கமாக ஜூலையில் விண்ணப்பம், ஜனவரியில் பரீட்சை. இந்த லீவில் 'டெசிஷன் மேக்கிங்' பகுதியை மட்டும் பார், மற்ற பரீட்சைகளில் அது இப்படி இருக்காது. ஒரு கடை, ஒரு முதலாளி, ஒரு தகராறு, நீ என்ன செய்வாய் என்று கேட்பார்கள். பெரம்பூர் மார்க்கெட்டில் வளர்ந்தவளுக்கு இது கஷ்டமா என்ன?

காசிமேட்டு அம்மாவுக்கு மறுபடியும்: வருமானச் சான்று விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று என் அப்பாவுக்கு இப்போது அத்துப்படி. இந்த ஞாயிறு எட்டு மணி பூசைக்குப் பிறகு எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் இருப்பார். ஜூன் 14-க்குப் பிறகு வந்தால் பிடிக்க முடியாது, கடலுக்குப் போயிருப்பார்.