பழைய தரைக்கு அடியில் கறுப்புப் பசை

கேள்வி: கனடாவில் ஸ்கார்பரோவில் 1958இல் கட்டிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். பேஸ்மென்டில் பழைய கார்ப்பெட்டை எடுத்தபோது, 9 அங்குலச் சதுர டைல்ஸும் அவற்றின் அடியில் தார் போன்ற கறுப்புப் பசையும் தெரிந்தன. நான்கைந்தைப் பெயர்த்தும் விட்டோம். மிச்சப் பசையைக் கிரைண்டரால் தேய்த்துத் தருவதாக வேலைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, அந்த இயந்திரத்தை வீட்டுக்குள் விடவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார், என்றதும் நம்மவர்களுக்குக் கூரைத் தகடுதான் நினைவுக்கு வரும். ஆனால் அக்காலத்தில் வட அமெரிக்காவில் விற்ற தரை டைல்ஸிலும், அவற்றை ஒட்டிய தார்ப் பசையிலும் வலுவுக்காக அதே கல்நார் கலக்கப்பட்டது. 9 அங்குல டைல்ஸைக் கண்டாலே அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

தரையில் சீப்பால் வாரியதுபோன்ற வரிகளோடு இறுகிக் கிடக்கும் அந்தப் பசை, தொடாமல் இருக்கும்வரை இழைகளைத் தன்னுள்ளேயே பிடித்து வைத்திருக்கும். நனைக்காமல் சுரண்டினாலோ, உப்புத்தாள் போட்டாலோ, கிரைண்டரால் அரைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பறந்து நுரையீரலில் தங்கிவிடுகின்றன. அவற்றால் வரும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும் என்பதால், இன்று இருமல் வரவில்லையே என்று ஆறுதல்பட முடியாது. மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியோடு கூடிய தூசி உறிஞ்சி இணைக்காத இயந்திரத்தால் கல்நார்ப் பொருளை அரைப்பதை, உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் 278/05 ஒழுங்குமுறை மிகக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ள மூன்றாம் வகைப் பணியில் சேர்த்திருக்கிறது.

முதலில் டைலில் ஒரு துண்டையும் பசையில் கொஞ்சத்தையும் தண்ணீர் தெளித்து எடுத்து, தனித்தனியாக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். டைலில் இல்லாமல் பசையில் மட்டும் இருப்பதும் உண்டு. எடையில் 0.5 சதவீதம் கல்நார் இருந்தாலே ஒன்ராறியோ விதிப்படி அது கல்நார்ப் பொருள். இருந்தால், தரை உறுதியாக இருக்கும் பட்சத்தில் பெயர்க்காமல் அதன்மேலேயே புதுத் தரையை இடுவதுதான் என் முதல் தேர்வு. அகற்றியே தீர வேண்டுமானால், கல்நார் அகற்றும் பயிற்சி பெற்ற நிறுவனத்திடம் விடுங்கள்.

பெயர்த்த துண்டுகளை நனைத்து, இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். அந்த இடத்தைப் பெருக்காதீர்கள், வீட்டு வேக்குவமையும் போடாதீர்கள். அதன் வடிகட்டியைக் கடந்து இழைகள் அறையெங்கும் பரவும். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் அதே பையில் போட்டு, சோதனை முடிவு வரும்வரை பேஸ்மென்ட் கதவை மூடியே வையுங்கள்.