இறுகின நட்டுக்கு எதை வாங்குவது?

கேள்வி: மாசி பேர்குசன் 135 ரக்ரர், மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சின். புகைக்குழாய் மனிபோல்டின் கஸ்கற் போய்விட்டது. கழற்றப் போனால் நட்டுகள் அசையவில்லை, ஒன்று மழுங்கியும் விட்டது. டபிள்யூடி-40 பெரிய ரின் ஒன்றும் முறிந்த போல்ட்டைத் துளைத்துக் கழற்றும் எக்ஸ்ராக்ரர் செற் ஒன்றும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
— மாதகல் வாசகர்

பதில்: இரண்டையும் இப்போதைக்கு விடுங்கள். அந்த எஞ்சின் அங்குல அளவுக்காரன். 3/8 அங்குல ஸ்ரட்டின் (தலையில்லாத மரையாணி) நட்டுக்கு 9/16 ஸ்பனர் வேண்டும், அதாவது 14.3 மில்லிமீற்றர். 14 ஏறாது. 15 ஏறும், ஆனால் ஆடும், மூலையைத் தின்றுவிடும். உங்கள் நட் மழுங்கியதும் அநேகமாக அப்படித்தான். காசைக் கொடுத்து 9/16 ஆறு மூலைச் சொக்கற் ஒன்று வாங்குங்கள், பன்னிரண்டு மூலை வேண்டாம். மழுங்கின நட்டுக்கு, ஏறாத அந்த 14 ஆறு மூலைச் சொக்கற்றையே சுத்தியலால் அடித்து ஏற்றலாம்.

டபிள்யூடி-40 மோசமான சாமான் அல்ல. ஆனால் அது ஈரத்தை விரட்டப் பிறந்தது, பெயரிலுள்ள ‘டபிள்யூடி’யே (வோட்டர் டிஸ்பிளேஸ்மென்ற்) அதைத்தான் சொல்கிறது. துருவுக்குள் இறங்க பெனிற்றேற்றிங் ஒயில் என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். அல்லது ஏ.ரி.எஃப். (ஒட்டோமற்றிக் வாகனக் கியர்பெட்டி ஒயில்), அசிற்றோன் இரண்டையும் சரிபாதி கலக்கலாம். நின்றால் பிரியும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் மரையைத் துலக்கி, நாளுக்கு மூன்று தரம் என இரண்டு நாள் விடுங்கள். விட்ட கையோடு நட்டின் பக்கத்தில் நாலு தட்டு. கடற்காற்றுப் பட்ட துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம்பிடிக்கும், தட்டும் அதிர்வுதான் எண்ணெய்க்கு வழிவிடும்.

பிறகு முதலில் இறுக்கப் பாருங்கள், அப்புறம் கழற்ற. கால் சுற்று முன், கால் சுற்று பின். ‘டக்’ என்று விட்டால் நல்லது. ஸ்ரட்டே நட்டோடு வந்தாலும் கவலையில்லை. றப்பர் போல இழுபட்டால் உடனே நிறுத்துங்கள், ஸ்ரட் முறுகுகிறது. அடுத்தது சூடு. இந்த ரக்ரரில் டீசல் ராங்க் எஞ்சினுக்கு மேலேயே இருப்பதால் அதைக் கழற்றி அப்பால் வைக்காமல் நெருப்பு வேண்டாம். அசிற்றோனும் முற்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நட்டை மட்டும் மங்கல் சிவப்பாக்கி, சற்று ஆறியதும் மரையில் மெழுகுதிரியைத் தொடுங்கள். மெழுகு உள்ளே உறிஞ்சப்படும்.

முறிந்தே போனால்? எக்ஸ்ராக்ரர் கடின உருக்கு. உள்ளே உடைந்தால் சாதாரண ட்ரில் பிற் அதில் இறங்காது. வெளியே துண்டு நீட்டியிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் பிடித்துக் கழற்றலாம், வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்யும். துண்டு மட்டத்தில் முறிந்தால் கடைச்சல் பட்டறைக்கு.

புது ஸ்ரட் வாங்க பழையதைக் கையில் கொண்டு போங்கள். 10 மில்லிமீற்றர் ஸ்ரட் பார்வைக்கு 3/8 போலவே இருக்கும், பலவந்தமாக ஏற்றினால் ஹெட்டின் மரை போய்விடும். பித்தளை நட், செப்புக் கிறீஸ் கேளுங்கள்.

கேள்வி: மண்ணெண்ணெய் போதாதா?

பதில்: இலேசான துருவுக்குப் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.